பெயர் வைத்து 119 வருடம் கழித்துத் தீவான நிலம்

அண்டார்டிகாவின் மிகப் பெரிய தீவு எது என்ற கேள்விக்குப் பொது அறிவுக் குறிப்பேடுகளில் ஒரே வரியில் பதில் இருக்கும்: அலெக்சாண்டர் தீவு. அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் பூகோளம் எடுக்கிற ஆசிரியர்களுக்கும், குரூப் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வரைபடத்தைத் தமிழில் நாமே போட்டுக்கொள்வது எப்படி என்பதும் இதிலேயே இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தத் தீவின் எந்த மூலையில் எந்த ரகப் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே போதும், அந்த மூலையை மனிதர்கள் எங்கே நின்று, எதை வைத்துப் பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். கப்பல் தளத்தில் நின்று பார்த்த கரைக்கு ஒரு ரகப் பெயர். நாய்வண்டியில் போய் அளந்த கரைக்கு வேறு ரகம். விமானப் படத்தில் மட்டும் பார்த்த கரைக்கு இன்னொரு ரகம். நம் பக்கத்தில் பாளையம், வலசு, புதூர் என்று முடிகிற ஊர்ப்பெயர்களை அங்கே குடியிருந்தவர்கள் வைத்தார்கள். அலெக்சாண்டர் தீவில் குடியிருந்தவர் யாருமே கிடையாது. பெயர் முழுக்க வெளியிலிருந்து வந்ததுதான்.

முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிற மாதிரியே இதற்கும் எழுதலாம். கிழக்கால ஆறாம் ஜார்ஜ் நீரிணை, அதற்கு அப்பால் அண்டார்டிகத் தீபகற்பத்தின் பாமர் நிலம். வடக்கால மார்கெரிட் விரிகுடா. மேற்கால வில்கின்ஸ் பனித்தட்டும் (கடலில் மிதக்கிற பனிப்பலகை) பெல்லிங்ஸ்ஹவுசன் கடலும். தெற்கால என்ன என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. கிழக்கே ஓடுகிற அதே ஆறாம் ஜார்ஜ் நீரிணை, தெற்கே போய் மேற்காக வளைந்து, ரோனே நுழைவாய் என்ற இடத்தில் கடலோடு சேர்கிறது. அந்த வளைவு இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் இது தீவே இல்லை.

அளவு: பரப்பு சுமார் 49,070 சதுர கி.மீ. கேரளம் முழுக்கச் சேர்த்தாலே 38,863 சதுர கி.மீ.தான். வடக்கு தெற்காக நீளம் ஏறக்குறைய 390 கி.மீ. வடக்குப் பகுதியில் அகலம் 80 கி.மீ., தெற்கே விரிந்து 240 கி.மீ. வரை போகிறது. உயரமான சிகரம் டக்ளஸ் மலைத்தொடரில் உள்ள ஸ்டீபன்சன் சிகரம், 2,987 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு மதிப்பு கிடைக்கும். தீவு ஏறக்குறைய 69 முதல் 73 டிகிரி தென் அட்சத்துக்குள் அடங்கும். ஜூன் மாதத்தை ஒட்டிச் சுமார் இரண்டு மாதம் அங்கே சூரியன் எழாது. இதைப் பின்னால் செயற்கைக்கோள் படம் எடுக்கிற இடத்தில் மறுபடியும் சொல்வேன்.

பனி மூடிய நிலத்தில் எது கரை என்று கேட்டால் மூன்று விதமான வெள்ளையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாறைமேல் படிந்து கிடக்கிற பனி ஒன்று. அது நிலத்தின் கணக்கு. அந்தப் பனி நகர்ந்து கடலுக்குள் இறங்கி, அடிப்பாறையை விட்டு விடுபட்டு மிதக்கத் தொடங்குகிற பலகை இரண்டாவது. அதுதான் பனித்தட்டு. நூறு மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை தடிமன் இருக்கும், அலை ஏற்றத்தோடு ஏறி இறங்கும். கடல்நீரே குளிரில் உறைந்த மெல்லிய பனி மூன்றாவது. அது வருடா வருடம் வரும், போகும். பாறைமேல் படிந்த பனி மிதக்கத் தொடங்குகிற அந்தக் கோட்டைத் தரைதட்டும் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவின் உண்மையான எல்லை அதுதான். மேலே நின்று பார்க்கிறவருக்கோ எல்லாம் ஒரே வெள்ளை. கிழக்கே நீரிணை முழுக்கப் பனித்தட்டு அடைத்துக் கிடப்பதால், தீவிலிருந்து பாமர் நிலத்துக்குத் தண்ணீரையே பார்க்காமல் நடந்து போய்விடலாம். தீவு என்று கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆனதற்குக் காரணம் அதுதான்.

அண்டார்டிகாவில் தீவு என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. வெட்டல் கடல் பக்கம் இருக்கிற பெர்க்னர் தீவில் பனியின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 869 மீட்டர், ஆனால் அடியில் பாறை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பனியை எடுத்துவிட்டால் அந்தத் தீவே இருக்காது. அலெக்சாண்டர் தீவு அந்த ரகம் அல்ல. மலைத்தொடர்கள் பனியைத் துளைத்து வெளியே நிற்கின்றன.

இனி பெயர்களுக்கு வருவோம்.

1821 ஜனவரிக் கடைசியில் வஸ்தோக், மீர்னி என்ற இரண்டு ரஷ்யக் கப்பல்களோடு வந்த பெல்லிங்ஸ்ஹவுசன், தெற்கே தூரத்தில் மலை தெரிவதைப் பார்த்தார். நடுவே பனிக்கட்டி, கிட்டே போக வழியில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் முதலாம் பீட்டர் தீவைக் கண்டு பெயர் வைத்திருந்தார். இதற்கு அன்றைய சார் மன்னர் முதலாம் அலெக்சாண்டரின் பெயர். அவர் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பீட்டரைத் தீவு என்று எழுதியவர், இதைத் தீவு என்று எழுதவில்லை. தெற்கு முனை கண்ணுக்கு எட்டாமல் மறைந்துபோகிறது என்பதால் கரை என்று மட்டும் எழுதினார். பார்த்த அளவுக்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. பழைய நூல்களில் நாள் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த நூற்றாண்டில் ரஷ்ய நாட்காட்டிக்கும் இன்றைய நாட்காட்டிக்கும் 12 நாள் வித்தியாசம்.

கரை என்பது பிறகு அலெக்சாண்டர் நிலம் ஆயிற்று. ரஷ்ய வரைபடங்களில் இன்றைக்கும் முதலாம் அலெக்சாண்டர் நிலம்தான்.

அடுத்து வந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் பப்டீஸ்த் ஷார்க்கோ, 1903 முதல் 1905 வரை ஒரு பயணம், 1908 முதல் 1910 வரை இன்னொன்று. அவரும் பெரும்பாலும் கப்பலில் இருந்தபடியேதான் வடக்குக் கரையைப் பார்த்தார். அதனால் தீவின் வடக்கு முனையைத் தொட்டாலே பிரான்ஸ் நாட்டு ஊர்கள் வரிசையாக வரும்: ரூவான் மலைகள், ஆவ்ர் மலைகள், பாரிஸ் சிகரம், பயோன் சிகரம். எல்லாம் கடலில் இருந்து தலை தெரிகிற மலைகள். பள்ளத்தாக்குக்கோ பனியாற்றுக்கோ அவர் பெயர் வைத்தது அரிது. கப்பல் தளத்தில் நிற்பவருக்கு முகடு தெரியும், இரண்டு முகட்டுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று தெரியாது.

கிழக்குக் கரையின் கதை வேறு. 1935 நவம்பர் 23 அன்று லிங்கன் எல்ஸ்வொர்த் விமானத்தில் கண்டத்தைக் கடந்து போகும்போது கிழக்கு மலைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். தரையில் இறங்கி அளந்தது 1934 முதல் 1937 வரை நடந்த பிரிட்டிஷ் கிரகாம் நிலப் பயணக் குழு. தலைவர் ஜான் ரைமில், ஆஸ்திரேலியர். 1936-ல் ஆல்பிரட் ஸ்டீபன்சன், ஃபிளெமிங், பெர்ட்ரம் மூவரும் நாய்வண்டியோடு நீரிணைக்குள் இறங்கி, 72 டிகிரி தென் அட்சம் வரை போனார்கள். புதிதாகப் பட்டமேறிய ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை ரைமில் நீரிணைக்கு வைத்தார். டக்ளஸ் மலைத்தொடருக்குப் பயணத்தின் ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த கடற்படை அதிகாரி டக்ளஸின் பெயரை வைத்தார்கள். மிக உயர்ந்த சிகரம் நில அளவையாளர் ஸ்டீபன்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. நிலம் அளக்கிற கோணக் கருவியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்தவர் அவர்தான்.

ஆனால் அவர்கள் பார்த்தது நீரிணையின் ஒரு கையை மட்டுமே. அது தெற்கே முட்டுச்சந்தா, திறந்து கிடக்கிறதா என்ற கேள்வி நின்றுபோயிற்று. 1940 டிசம்பரில் அமெரிக்க அண்டார்டிகச் சேவையைச் சேர்ந்த ஃபின் ரோனேவும் கார்ல் எக்லண்டும் நாய்வண்டியில் அந்த வளைவைச் சுற்றிப் போய், மேற்கே கடல் இருப்பதைப் பார்த்தார்கள். மொத்தப் பயணம் 84 நாள், சுமார் 2,000 கி.மீ. அலெக்சாண்டர் நிலம் அன்றுதான் அலெக்சாண்டர் தீவு ஆயிற்று. பெயர் வைத்து 119 வருடம் கழித்து. திறப்புக்கு ரோனே நுழைவாய் என்றும், அதன் அருகே பனித்தட்டில் இருந்து தலை நீட்டும் சின்னத் தீவுகளுக்கு எக்லண்ட் தீவுகள் என்றும் பெயர். அந்த இரண்டு பெயரும் வரைபடத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தீவு என்ற தீர்ப்பு எழுதப்பட்டது.

1940-களின் கடைசியில் பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகள் சார்நில அளவைக் குழு அதே கிழக்குக் கரையை இன்னும் நுணுக்கமாக அளந்தது. இந்தத் தடவை பனியாறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, பெயர் நிறைய வேண்டியிருந்தது. லண்டனில் 1945 முதல் இயங்கிவரும் அண்டார்டிக இடப்பெயர்க் குழு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது: ஒரு பகுதிக்கு ஒரு பொருள். கிழக்குக் கரைப் பனியாறுகளுக்குக் கோள்களின் பெயர். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ, எட்டும் அங்கே பனியாறுகள். பூமி மட்டும் இல்லை. அவற்றை ஒட்டிய மேடுகளுக்குக் கோள் மேடுகள் என்று பெயர். துணைக்கோள்களையும் தாய்க்கோளின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். செவ்வாய்ப் பனியாற்றை ஒட்டி ஃபோபாஸ் முகடும் டெய்மாஸ் முகடும். வியாழன் பனியாற்றுப் பக்கம் கனிமீட் மேடும் காலிஸ்டோ செங்குத்தும். நெப்டியூன் பனியாற்றுக்கு அருகே டிரைட்டன் முனை. வானவியல் கொஞ்சம் தெரிந்த மாணவருக்கு இதைவிட நல்ல நினைவுக்குறிப்பு கிடையாது. ஃபோபாஸ் எங்கே என்று கேட்டால் செவ்வாய்ப் பக்கம் தேடினால் போதும். 2006-ல் புளூட்டோவைக் கோள் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். பனியாற்றின் பெயரை யாரும் தொடவில்லை. இடப்பெயர் ஒரு முகவரி. பாறை நூல்களிலும் விமானப் பாதைகளிலும் ஏறிய பிறகு அதை மாற்றினால் நஷ்டம்தான் மிஞ்சும்.

மேற்குக் கரைக்கும் தென்மேற்குக்கும் நாய்வண்டி போகவில்லை. 1947, 48-ல் ரோனே தன் சொந்தப் பயணத்தில் விமானத்தில் இருந்து படம் எடுத்தார். மூன்று காமிரா ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்று நேர் கீழே, மற்ற இரண்டு இடமும் வலமும் சாய்ந்து, தொடுவானம் வரைக்கும் பிடிக்கும். அந்தப் படங்களை மேசைமேல் விரித்து, 1960 வாக்கில் டெரிக் சியர்ல் என்ற அளவையாளர் மேற்குப் பகுதியின் வரைபடத்தை எடுத்தார். தரையில் அளந்த குறிப்புப் புள்ளி போதுமான அளவு இல்லாவிட்டால் இந்த முறையில் இடம் நகர்ந்துபோகும். வெள்ளைமேல் வெள்ளை என்பதால் பனித்தட்டு எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்பதும் படத்தில் சரியாகத் தெரியாது. அதனால் பிறகு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பல கோடுகளைத் திருத்த வேண்டியிருந்தது.

யாரும் காலெடுத்து வைக்காத அந்தப் பரப்புக்கு வைத்த பெயர்கள் ஐரோப்பிய இசையமைப்பாளர்கள். மொசார்ட் பனியடிவாரம் (மலையடிவாரத்தில் கரையோரமாகப் பரந்து கிடக்கும் பனி), ஹேண்டல் பனியடிவாரம், நடுவே ஹைடன் குடா. இன்னும் தெற்கே ஷூபர்ட் குடா. தென்மேற்கு முனை முழுக்கப் பீத்தோவன் தீபகற்பம், அதைக் குடைந்து நிற்கும் மென்டல்சன், பிராம்ஸ், வெர்டி குடாக்கள். அதற்குத் தென்கிழக்கே பாக் பனித்தட்டு, அப்புறம் மொண்டெவெர்டி தீபகற்பம். கிழக்கில் இருப்பது போல அங்கே போனவர் பெயர் மேற்கில் அதிகம் இல்லாததற்குக் காரணம், போனவர் இல்லை என்பதே. ஒரு வெற்று வரைபடத்தில் பெயர்களை மட்டும் எழுதி வைத்து, வடக்கு எது, கிழக்கு எது, மேற்கு எது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க. ஊர், கோள், இசை என்ற மூன்றை வைத்தே பிள்ளைகள் திசையைச் சொல்லிவிடுவார்கள்.

பெயர் வைக்கிற அதிகாரம் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. இந்தத் தீவைப் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றுமே தன்னுடையது என்று கோரின. 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்தாகி 1961-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக உடன்படிக்கை, நான்காம் பிரிவில் அந்தக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்தது. ஆகவே எந்த நாடும் மற்ற நாட்டுக்குப் பெயரை உத்தரவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் பட்டியலை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பொதுப் பெயர்த் தொகுப்பை அண்டார்டிக ஆய்வுக்கான அறிவியல் குழு 1992 முதல் பராமரிக்கிறது. அதில் ஒரு மலைக்கு இரண்டு மூன்று நாட்டுப் பெயர் இருந்தால் மூன்றும் இருக்கும். எது சரி என்று தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஸ்பானிய வரைபடம் எடுத்தால் இதே தீவு முதலாம் அலெஹான்ட்ரோ. பல்கேரியாவின் குழு 1994-ல்தான் தொடங்கியது. ஆனாலும் தீவின் வடக்கில் சோஃபியா பல்கலைக்கழக மலைகள் என்பது உட்பட நிறையப் பெயர் சேர்த்துவிட்டது. அமெரிக்கக் குழுவின் விதிகளில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: விற்பனைப் பொருளின் பெயரும் நாய்களின் பெயரும் ஏற்கப்படாது. நாய்கள் இழுத்த வண்டியால்தான் இந்தத் தீவு தீவென்று தெரிந்தது என்பதை நினைக்கும்போது, நாய்களைச் சேர்த்ததில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

பெயர்களுக்கு நடுவே ஓர் இடத்தை மட்டும் கிட்டத்தில் பார்த்துவிடலாம். கிழக்குக் கரையில் அப்லேஷன் பள்ளத்தாக்கு. சுற்றிலும் பனி இருக்க, இங்கே பனி குறைவு, வெறும் பாறையும் சரளையும். அதனால்தான் பனி கரைந்து குறைவதைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். கனிமீட் மேட்டையும் சேர்த்து 147-ஆம் எண் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி இது, அனுமதி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டுக்குப் பனி பெரும்பாலும் எதிர்க்கரையான பாமர் நிலத்தில் இருந்து வருகிறது. நீரிணையைக் குறுக்கே கடந்து வந்து அலெக்சாண்டர் கரையில் முட்டி, வரப்பு வரப்பாக நெரிந்து நிற்கிறது. முட்டிய இடத்தில் பள்ளத்தாக்கின் வாய் அடைபட்டு, உள்ளே ஏரி உண்டாகிறது. அப்லேஷன் ஏரி, மூட்டோன்னே ஏரி இரண்டும் அப்படி வந்தவை. பனி உருகிய நல்ல தண்ணீர் மேலே. ஆழத்தில் பனித்தட்டுக்கு அடியே நுழைந்து வந்த கடல்நீர். உப்புநீர் கனமானது, அதனால் இரண்டும் கலக்காமல் அடுக்காகவே கிடக்கின்றன. கடலில் அலை ஏறினால் ஏரியின் மட்டமும் ஏறும். மேலே குடித்துப் பார்த்தால் நன்னீர், ஆனால் தினமும் ஏறி இறங்குகிறது. பனித்தட்டு என்றாவது உடைந்தால் நன்னீர் வெளியே ஓடி, ஏரி சாதாரணக் குடாவாகிவிடும்.

அதற்குத் தெற்கே ஃபாசில் பிளஃப். 71 டிகிரி 20 நிமிடம் தெற்கு, 68 டிகிரி 17 நிமிடம் மேற்கு. 1961-ல் பிரிட்டன் அங்கே ஒரு குடிசை அமைத்தது. இன்றைக்குக் கோடையில் மட்டும் ஆள் இருக்கும். வடக்கே பிரிட்டனின் ரொதீரா ஆய்வு நிலையத்தில் இருந்து வரும் ட்வின் ஆட்டர் விமானங்கள் பனித்தட்டில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும். பாறையெங்கும் அம்மொனைட், பெலெம்னைட் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள், ஜுராசிக், கிரெட்டேசியக் காலத்தவை. தெற்கே டைட்டன் நுனாட்டக், கோல் நுனாட்டக் என்ற முகடுகளில் சுமார் 10 கோடி வருடத்துக்கு முந்திய காடு வேர் ஊன்றி நின்ற நிலையிலேயே கல்லாகியிருக்கிறது. அந்தப் பாறை அடுக்குக்கு டிரைட்டன் முனை அடுக்கு என்று பெயர். கோளின் நிலவு முனைக்குப் பெயராகி, முனை பாறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

இனி வரைபடம். முதல் தப்பு குறியில் வரும். தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். ஃபாசில் பிளஃபை மைனஸ் 71.33, மைனஸ் 68.28 என்று எழுதுங்க. இரண்டு குறியையும் விட்டால் புள்ளி சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் விழும். மேற்குக்கு உள்ள குறியை மட்டும் விட்டால் கிழக்கு அண்டார்டிகாவில், நம் பாரதி நிலையம் இருக்கிற திசையில், ஆமெரிப் பனித்தட்டுப் பக்கம் விழும். தெற்குக்கு உள்ளதை மட்டும் விட்டால் கனடாவின் பாஃபின் தீவை ஒட்டிய கடல். இந்த மூன்றில் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தே எந்தக் குறி விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது தப்பு, கூகுள் வரைபடத்தில் இருந்து அப்படியே படம் பிடிப்பது. அது உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கிற மெர்காட்டர் என்ற வீழல் முறை. 71 டிகிரியில் நீளத்தை மூன்று மடங்கும் பரப்பை ஒன்பது மடங்குக்கு மேலும் ஊதிக் காட்டும். கோயமுத்தூரில் ஒரு டிகிரி தீர்க்கம் சுமார் 109 கி.மீ. அங்கே 36 கி.மீ.தான். அளவுகோல் கட்டத்தை அந்தப் படத்தில் ஒட்டவே முடியாது.

இலவசமான கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்க. ஈபிஎஸ்ஜி 3031 என்ற துருவ வீழல் முறையைத் தேர்ந்தெடுங்க. அதில் அளவு துல்லியமாக வரும் அட்சம் 71 டிகிரி தெற்கு, அதாவது நம் தீவின் நடுவே போகும் கோடு. இதைவிடப் பொருத்தம் வேண்டியதில்லை. கரைக்கோட்டுக்கு அண்டார்டிக எண்ணிம தரவுத்தளம். நார்வே துருவ நிறுவனம் தயாரித்த குவாண்டார்டிகா தொகுப்பில் மற்ற அடுக்குகளும் சேர்ந்தே கிடைக்கும். திறந்ததும் ஒரு குழப்பம் வரும்: வடக்கு மேலே இருக்காது. இந்த முறையில் பூஜ்ஜியத் தீர்க்கம் மேலே போகிறது. 70 டிகிரி மேற்கில் இருக்கும் தீவுக்கு வடக்கு இடது கைப் பக்கமும், கிழக்கு மேல் பக்கமும் வரும். அச்சு அமைப்பில் கடிகாரச் சுற்றில் 70 டிகிரி திருப்பினால் வடக்கு மேலே வந்துவிடும்.

நிறம் கொடுக்கும்போது கவனம். தரவுத்தளத்தில் நிலமும் பனித்தட்டும் ஒரே அடுக்கில்தான் இருக்கும், வகை என்ற பத்தியில் பிரித்திருப்பார்கள். முழு அடுக்குக்கும் ஒரே நிறம் கொடுத்தால் நீரிணை மறைந்து, தீவு தீபகற்பத்தோடு ஒட்டிய திமிலாகிவிடும். பல அச்சு அட்லசுகளில் இருப்பது அந்தத் திமில்தான். வகைப்படி பிரித்து, நிலத்துக்கு வெள்ளை, பனித்தட்டுக்கு வெளிர்நீலம், தரைதட்டும் கோட்டுக்கு அழுத்தமான கருங்கோடு கொடுங்க. அளவு 20 லட்சத்துக்கு ஒன்று, அதாவது ஒரு செ.மீ.க்கு 20 கி.மீ. தீவு 19.5 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமுமாக ஏ4 தாளில் நீரிணையோடு சேர்ந்து அடங்கும்.

தமிழ்ப் பெயர்களை எக்செலில் அடித்துச் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி என்று கொடுத்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று கொடுக்க வேண்டும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தால் கொம்பும் காலும் பிரியாது. பனியாற்றின் பெயரை அது ஓடும் வாக்கிலும், மலைத்தொடரின் பெயரை முகட்டு வாக்கிலும் எழுதுங்க.

நிஜப் படம் வேண்டுமென்றால் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அண்டார்டிகக் காட்சியைத் தேர்ந்து, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு நாளைப் பாருங்க. ஜூனில் தேடினால் கருப்புதான் வரும், அப்போது சென்டினல் ரேடார் படம்தான் கதி. மேகமும் பனியும் பிரியவில்லை என்றால், நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் 7-2-1 அலைவரிசைச் சேர்க்கையைப் போடுங்க. பனி நீலப்பச்சையாகும், நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே நிற்கும். ஜனவரிப் படத்தில் ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டின்மேல் நீலக் கோடு கோடாகத் தெரிவது உருகுநீர்க் குளங்கள். 2019-20 கோடையில் அவை மிக அதிகமாகப் பரவின.

பெயர்க் குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் இவை கேட்கப்படக் கூடியவை. ஆர்க்டிக்கில் ஃபிரான்ஸ் ஜோசஃப் நிலத்தின் மேற்குக் கோடியில் அலெக்சாண்ட்ரா நிலம் இருக்கிறது, அது வேறு. அலாஸ்காவின் அலெக்சாண்டர் தீவுக்கூட்டத்துக்கு வைத்தது இரண்டாம் அலெக்சாண்டர் மன்னரின் பெயர். தெற்கு ஷெட்லாந்தில் உள்ள கிங் ஜார்ஜ் தீவு மூன்றாம் ஜார்ஜின் பெயர், நீரிணைக்குரிய ஆறாம் ஜார்ஜ் அல்ல.

மேற்குப் பக்கத்தில் ஷார்க்கோ தீவைக் கட்டாயம் சேருங்க. 1910 ஜனவரியில் ஷார்க்கோ தூரத்தில் பார்த்து, மருத்துவரான தன் தந்தையின் பெயரால் ஷார்க்கோ நிலம் என்றார். 1929-ல் ஹியூபர்ட் வில்கின்ஸ் விமானத்தில் அதைச் சுற்றி வந்து தீவு என்று காட்டினார். வில்கின்ஸ் பெயரில் உள்ள பனித்தட்டுதான் ஷார்க்கோவையும் லட்டாடித் தீவையும் அலெக்சாண்டரோடு சேர்த்துப் பிடித்திருந்தது. 2008-ல் அது பெரிய அளவில் நொறுங்கியது. ஷார்க்கோவுக்கும் லட்டாடிக்கும் நடுவே மிஞ்சியிருந்த பனிப்பாலம் 2009 ஏப்ரலில் அறுந்தது. 2025 ஜனவரியில் ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டில் இருந்தும் ஏ-84 என்ற பனிமலை பெயர்ந்து போனது. ஆகவே 2008-க்கு முந்திய கரைக்கோட்டைப் போட்டால் மேற்குப் பக்கம் இல்லாத பனியை வரைந்ததாகிவிடும். தரவுத்தளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். எந்தப் பதிப்பின் கரைக்கோடு என்று மாதம், வருடத்தோடு வரைபடத்தின் கீழ் ஓரத்தில், அளவுகோலுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்க.